இரண்டு இரும்பும் ஒரு கறுப்பு வீழ்படிவும்

"சேர், இத நாம செய்யேலுமா?"

கேட்டது உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று. நீட்டிய போனில் ஒரு காணொளி. தட்டில் கறுப்புத் திரவம் இருக்கிறது. அடியில் காந்தத்தைக் கொண்டுவந்ததும் அது முள்முள்ளாக எழும்பி நிற்கிறது, காந்தத்தை எடுத்ததும் படிந்துவிடுகிறது. "ஏலும்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்கு முழு விளக்கமும் நான் தரவேண்டும். வகுப்பில் அதற்கு நேரமில்லை, பாடத்திட்டம் துரத்துகிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளும் வாசியுங்கள், இரசாயனத்தை விட்டு வெகுதூரம் போனவர்களும் வாசியுங்கள்.

வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை. நான் எழுதுவது இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து. மட்டக்களப்பு நகரிலிருந்து வந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வவுணதீவு. வயல், மாடு, வாவி மீன் என்று வாழும் ஊர்கள். இங்கிருந்து நனோத் துணிக்கைகளைப் பற்றி எழுத ஒரு நல்ல காரணம் உண்டு. நனோ அறிவியலின் பெரும்பகுதி விலை உயர்ந்த கருவிகளைக் கேட்கும். காந்தத் தன்மையுள்ள இரும்பு ஒட்சைட்டு அப்படிக் கேட்பதில்லை. அதை உண்டாக்க இரண்டு உப்பு, அமோனியா, சுடுநீர், நல்ல கலக்கி, ஒரு காந்தம் இருந்தால் போதும். ஒரு தடவை உண்டாக்குவது இலகு. அதே துணிக்கையை அதே பருமனில் மறுபடியும் உண்டாக்குவதுதான் கடினம். என் இறுதியாண்டு ஆய்வு இந்தப் பொருளில்தான் நடந்தது, அன்றிலிருந்து இதன்மேல் எனக்குள்ள பிடிப்பு விட்டுப்போகவில்லை.

நாம் உண்டாக்கப்போவது மக்னடைட். இயற்கையில் கறுப்புக் கல்லாகக் கிடைக்கும் அதே காந்தக்கல். இதில் மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஒட்சிசன் அணு. அந்த மூன்று இரும்பில் ஒன்று பெரசு நிலையிலும் இரண்டு பெரிக்கு நிலையிலும் இருக்கும். இரும்பின் இரண்டு நிலைகளும் ஒரே பளிங்குக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதால்தான் அதற்கு இந்தக் காந்தத் தன்மையும் கறுப்பு நிறமும் வந்தன. செய்முறை முழுவதும் இந்த ஒன்றுக்கு இரண்டு விகிதத்தைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

பெரிக்கு குளோரைட்டு 5.4 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். ஆறு நீர் மூலக்கூறோடு வரும் மஞ்சள் கட்டி அது, 5.4 கிராம் என்றால் 0.02 மூல். பெரசு சல்பேற்று 2.78 கிராம். ஏழு நீர் மூலக்கூறோடு இளம்பச்சையாக இருக்கும், 0.01 மூல். இதைத்தான் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்பார்கள். ஆனால் ஆய்வுக்குக் கடைச் சரக்கு சரிவராது. புட்டியில் பச்சை மங்கி மஞ்சள் பூத்திருந்தால் ஒரு பகுதி ஏற்கெனவே ஒட்சியேறிவிட்டது என்று அர்த்தம். அதை எடுக்கவேண்டாம்.

காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை வெளியேற்றத்தான் இந்த வேலை. அதில் சில துளி ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு இரண்டு உப்பையும் கரையுங்கள். அமிலம் இல்லாவிட்டால் பெரிக்கு அயன் நீரோடு தாக்கமடைந்து நேரம் வருமுன்னே துருவாகப் படியத் தொடங்கும். மூன்று கழுத்துக் குடுவையில் ஊற்றி, ஒரு கழுத்தால் நைதரசன் வாயுவைக் குமிழியாக விட்டு, 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள்.

இனிக் கலக்கி. எல்லா ஆய்வுகூடத்திலும் இருப்பது காந்தக் கலக்கி. வெள்ளைக் குச்சியைக் குடுவைக்குள் போட்டால் தானே சுழலும். இந்த வேலைக்கு அது ஆகாது. உண்டாகிற துணிக்கை அத்தனையும் போய் அந்தக் குச்சியிலேயே ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து மோட்டாரால் சுழலும் கலக்கிதான் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் பலர் எழுதாமல் விடும் விஷயம் இது, புதிதாகச் செய்பவருக்கு முதலில் தெரியவேண்டியதும் இதுதான்.

வேகமாகக் கலங்கிக்கொண்டிருக்கும்போது 25 வீத அமோனியாக் கரைசலில் 20 மில்லிலீற்றரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கணக்குப்படி 6 மில்லிலீற்றர் போதும், மிச்சம் பி.எச். பெறுமானத்தை 10க்கு அருகில் வைத்திருக்க. புகை உறிஞ்சும் அலமாரிக்குள் வைத்துத்தான் செய்யவேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அமோனியாவுக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. ஊற்றிய கணத்தில் செம்மஞ்சள் கரைசல் கன்னங்கரேல் என்று மாறும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. அரை மணி நேரம் அப்படியே சூட்டில் வைத்துவிட்டு, குடுவையின் பக்கத்தில் ஒரு நியோடிமியக் காந்தத்தைப் பிடியுங்கள். கறுப்பு முழுவதும் அந்தப் பக்கம் ஓடிப்போய் ஒட்டும், மறுபக்கம் தெளிந்த நீர் நிற்கும். நீரை ஊற்றிவிட்டுப் புதுநீர் விட்டுக் கழுவவேண்டும், திரும்பத் திரும்ப. கழுவிய நீரில் வெள்ளி நைத்திரேற்றுச் சொட்டு விட்டு வெண்மை வருகிறதா என்று பார்த்தால் குளோரைட்டு தெரியும். பேரியம் குளோரைட்டு விட்டால் சல்பேற்று தெரியும். இரண்டும் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் சோதனைகள்தான். எல்லாம் சரியாக நடந்தால் கையில் வருவது கணக்குப்படி 2.3 கிராம்.

ஏன் இவ்வளவு நைதரசனும் கொதிநீரும்? நம்முடைய குழாய்க் கிணறுகளே இதற்குப் பதில் சொல்லும். இரும்பு கூடிய கிணற்றில் பிடிக்கும்போது தண்ணீர் பளிங்காக இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் மஞ்சளாகி, அடியில் செங்காவி படியும், வெள்ளைச் சட்டை தோய்த்தால் கறை பிடிக்கும். நிலத்துக்கடியில் ஒட்சிசன் இல்லை, அதனால் இரும்பு பெரசு அயனாகக் கரைந்து தெளிவாக இருந்தது. மேலே வந்ததும் காற்று பட்டுப் பெரிக்கு ஆனது. பெரிக்கு நீரில் கரைந்து நிற்காது, படிந்துவிடும். எங்கள் அம்மம்மாமார் அந்தத் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்து, காலையில் மேல்நீரை மட்டும் மொண்டு எடுத்தது சரியான இரசாயனம். நம் குடுவையிலும் காற்று இதையே செய்யும். கார நீரில் பெரசு இன்னும் விரைவாக ஒட்சியேறும். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் குலைந்தால் கறுப்புக்குப் பதில் கபிலம் வரும், காந்தம் பிடித்தால் சோம்பலாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது.

இந்த முறையை இன்றுள்ள வடிவத்தில் நிலைநிறுத்தியவர் பிரான்சைச் சேர்ந்த ரெனே மசார், 1981இல். பிசின், சவர்க்காரம் எதுவும் சேர்க்காமல், துணிக்கைகளின் மேற்பரப்பு ஏற்றத்தை மட்டும் கொண்டு அவற்றை நீரில் மிதக்கவைத்தார். இன்றைக்கு உலகெங்கும் மாணவர்கள் செய்வது அவருடைய முறையின் ஏதோ ஒரு வடிவம்தான்.

அதில் ஒரு குறை உண்டு. துணிக்கைகள் ஒரே அளவில் வருவதில்லை. 5 நனோமீற்றரும் இருக்கும், 15 நனோமீற்றரும் இருக்கும். காரணத்தை லாமெர், டினேகர் என்ற இருவர் 1950இல் கந்தகக் கூழ்மங்களை ஆராய்ந்து விளக்கினார்கள். பளிங்கு உண்டாக முதலில் கரு வேண்டும், பிறகு அந்தக் கரு வளரவேண்டும். எல்லாக் கருவும் ஒரே நேரத்தில் உண்டானால் எல்லாம் ஒரே அளவில் வளரும். ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருக்க மறுபக்கம் புதுக் கருக்கள் பிறந்துகொண்டிருந்தால் கலவையாகத்தான் வரும். ஒரே நாளில் விதைத்த வயல் ஒன்றாகக் கதிர் தள்ளும். கிழமைக்குக் கிழமை விதைத்த வயலை ஒரு நாளில் அறுக்க முடியாது. அமோனியாவை ஒரே மூச்சில் ஊற்றச் சொன்னது இதற்காகத்தான்.

அளவை இன்னும் கட்டுப்படுத்த நினைத்தால் வேறு முறைக்குப் போகவேண்டும். தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹியோன் தேக்வானின் குழு 2004இல் இரும்பு ஓலியேற்றை 320 பாகைக்குச் சூடாக்கி, ஒரே அளவான துணிக்கைகளை ஒரே தடவையில் 40 கிராம் எடுத்துக் காட்டியது. அருமையான வேலை. ஆனால் அந்த வெப்பமும் கரைப்பானும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றவை அல்ல. இன்னொரு பக்கம் பாருங்கள். 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் என்ற அமெரிக்க மாணவர் உவர்ச் சதுப்புச் சேற்றில் சில பக்டீரியாக்கள் எப்போதும் வடக்கு நோக்கியே நீந்துவதைக் கண்டார். அவற்றின் உடலுக்குள் மக்னடைட் பளிங்குகள் சங்கிலியாகக் கோத்திருந்தன. 35 முதல் 120 நனோமீற்றர் வரையானவை, ஒவ்வொரு வகைப் பக்டீரியாவிலும் ஒரே அளவு, ஒரே வடிவம். சேற்றின் வெப்பநிலையில், அமோனியாவும் நைதரசனும் இல்லாமல்! ஒட்சிசன் மெல்ல மெல்லக் குறைந்து இல்லாமல் போகும் சேறுதான் அவற்றின் இருப்பிடம். வாவிச் சேற்றைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, பக்கத்தில் காந்தம் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். என் வகுப்பில் உயிரியல் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் வேலை அது.

சரி, ஏன் இவ்வளவு சிறிதாக வேண்டும்? கல்லடிக் கடற்கரையில் பழைய ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்து விளையாடாத பிள்ளை இல்லை. கறுப்பு மணல் தாடியாக ஒட்டும். அந்த மணலுக்கும் நமது பொடிக்கும் என்ன வித்தியாசம்? பெரிய மக்னடைட் மணி ஒன்றைக் காந்தமாக்கினால் காந்தத்தை எடுத்த பிறகும் கொஞ்சம் காந்தத்தன்மை தங்கும். மணிகள் ஒன்றையொன்று பிடித்துத் திரளும். 10 நனோமீற்றர் துணிக்கையில் கதை வேறு. அறை வெப்பமே அதன் காந்தத் திசையை இடைவிடாமல் புரட்டிக்கொண்டிருக்கும். வெளியில் காந்தம் இருந்தால் எல்லாம் ஒரே திசையில் திரும்பும். எடுத்தால் அடுத்த கணம் எல்லாம் மறந்து, நீரில் கலைந்து மிதக்கும். 1949இல் இதை விளக்கியவர் லூயி நேல், 1970இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். வேண்டும்போது காந்தம், வேண்டாதபோது வெறும் தூள் என்ற இந்தக் குணத்தை நம்பித்தான் மருத்துவமும் நீர்ச் சுத்திகரிப்பும் இவற்றைத் தேடி வந்தன. கொரோனாக் காலத்து பி.சி.ஆர். பரிசோதனையில் வைரசின் ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கப் பல இடங்களில் பயன்பட்டவை சிலிக்கா பூசிய காந்த மணிகள். அவற்றுக்குள் இருந்ததும் இரும்பு ஒட்சைட்டுத்தான்.

காணொளியில் பார்த்த முள் திரவத்துக்கும் ஒரு பிறந்த இடம் உண்டு. 1963இல் நாசாவின் ஸ்டீவ் பாப்பெல் மக்னடைட்டை ஓலிக் அமிலத்தோடு சேர்த்து நாட்கணக்கில் அரைத்து உண்டாக்கினார். எடையற்ற வெளியில் ரொக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துக் குழாய்க்குக் கொண்டுவர நினைத்தார்கள். அவர் பெரியதை அரைத்துச் சிறிதாக்கினார், நாம் அயனிலிருந்து கட்டி எழுப்புகிறோம். நம் பொடியை முள்ளாக நிற்கவைக்க, கழுவிய ஈரத்தோடேயே ஓலிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மண்ணெண்ணெய் சேரும் வேலையைப் பிள்ளைகள் தனியாகச் செய்யக்கூடாது, பக்கத்தில் ஆசிரியர் நிற்கவேண்டும். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப்பின் குழு இத்தகைய காந்த நனோத் திரவத்தைக் கொண்டு உருக்கின் உள்ளே மறைந்திருக்கும் குறைகளை நிறமாற்றத்தால் கண்ணுக்குக் காட்டியிருக்கிறது. நம் மொழி பேசும் கடற்கரை ஒன்றில் நடக்கும் வேலை என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

வீட்டுக்குள்ளேயே இருந்த காந்த ஒட்சைட்டைச் சொல்ல மறந்துவிடக்கூடாது. அரபு நாடுகளில் உழைத்து வந்தவர்கள் பெட்டி நிறையக் கொண்டுவந்த டி.டி.கே. கசற்றுகள் நினைவிருக்கிறதா? அந்த வகைக் கசற்றுகளின் கபில நிற நாடாவில் பூசியிருந்தது பெரும்பாலும் மகிமைட், மக்னடைட்டின் ஒட்சியேறிய உறவு. டி.டி.கே. என்ற கம்பனியே 1935இல் தோன்றியது காந்த ஒட்சைட்டை விற்கத்தான். டோக்கியோவில் கட்டோ, தக்கேய் என்ற இருவர் 1930இல் கண்டுபிடித்த ஃபெரைட்டைச் சந்தைக்குக் கொண்டுவர உருவான நிறுவனம் அது. பெரசு இரும்பின் இடத்தில் கோபால்ற்று, மங்கனீசு, நாகம் என்று வேறு உலோகங்களை வைத்தால் ஃபெரைட்டு வகைகள் பிறக்கும். நம் செய்முறையில் பெரசு சல்பேற்றுக்குப் பதில் கோபால்ற்று உப்பைப் போட்டு, இன்னும் கூடிய காரத்தில் இன்னும் நேரம் சூடாக்கினால் கோபால்ற்று ஃபெரைட்டு வரும். கோபால்ற்று நஞ்சு. பள்ளிக்கூடத்தில் அதைத் தொடமாட்டேன்.

துணிக்கை சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும். 10 நனோமீற்றர் உருண்டைகள் என்று வைத்து, மக்னடைட்டின் அடர்த்தி 5.18ஐக் கொண்டு கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 116 சதுர மீற்றர். நம் 2.3 கிராமுக்கு 266 சதுர மீற்றர், அதாவது பத்தரைப் பேர்ச் காணி, ஒரு கரண்டிப் பொடிக்குள். ஆசனிக்கு போன்ற நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடம் அந்தப் பரப்புத்தான். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் விக்கி கொல்வினின் குழு 2006இல் 12 நனோமீற்றர் மக்னடைட்டால் நீரிலிருந்து ஆசனிக்கை ஒட்டியெடுத்து, சாதாரண அளவு காந்தப்புலத்தாலேயே பொடியைப் பிரித்துக் காட்டியது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதே குழுவினரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை. ஆய்வுகூட முறையில் ஒரு கிலோ செய்ய 2,600 டொலர் ஆகிறது, ஏழைக் கிராமத்துக்கு அது எட்டாது என்று கணக்கிட்டு, துரு, சமையல் எண்ணெய் போன்ற அன்றாடப் பொருட்களால் மின்சாரம்கூட இல்லாமல் செய்யும் வழியைத் தேடினார்கள். அந்த அறிவு யாருக்கும் உரிமைப்பட்டதாக இல்லாமல் திறந்து கிடக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப்பின் குழு உருவாக்கிய அம்ரித் வடிகட்டியும் இந்த வழியில் வந்ததுதான். அது காந்தத்தால் இயங்குவதல்ல. இரும்பு ஒட்சி ஐதரொட்சைட்டு நனோத் துணிக்கைகளைக் கைற்றோசனில் கோத்து ஆசனிக்கைப் பிடிக்கிறது. கைற்றோசன் இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைப்பது. வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு கிட்டிய பொருள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சித்த மருத்துவத்தைத் தொடாமல் இதை எழுதினால் குறை. அயகாந்தச் செந்தூரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரும்பையும் காந்தக்கல்லையும் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, புடமிட்டு எடுப்பது. பாண்டு நோய்க்கு, அதாவது இரத்தசோகைக்குக் கொடுப்பார்கள். முடிந்ததா என்று பார்க்க அவர்கள் வைத்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். விரலில் தேய்த்தால் ரேகைக்குள் நுழையவேண்டும், நீரில் தூவினால் மிதக்கவேண்டும், மினுக்கம் தெரியக்கூடாது. மூன்றும் நுண்மையை அளக்கும் சோதனைகள். இதை வைத்து முன்னோர் நனோத் தொழில்நுட்பம் செய்தார்கள் என்று மார்தட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அணுவின் அளவு தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. ஆனால் கருவி எதுவுமின்றி, தொகுதிக்குத் தொகுதி ஒரே தரத்தைப் பிடிக்க ஒரு அளவுகோல் வைத்தார்கள், அது பெரிய விஷயம். 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு அனுமதித்த ஃபெருமொக்சிற்றோல் என்ற ஊசிமருந்து காபோவைதரேற்றுப் பூசிய இரும்பு ஒட்சைட்டு நனோத் துணிக்கைதான். அதே நோய், அதே உலோகம். அதற்கும் 2015இல் கடும் ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. இரும்பு என்பதால் எதுவும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. வீட்டில் செய்த பொடியை வாயில் வைப்பதை யாரும் நினைத்தும் பார்க்கக்கூடாது.

கொஞ்சம் கடுமையாகச் சொல்லவேண்டிய ஒன்று இனி. "பசுமைத் தொகுப்பு" என்ற பெயரில் முருங்கையிலை, வேப்பிலை, தேயிலைச் சாற்றை இரும்பு உப்பில் ஊற்றி, கறுத்ததும் நனோத் துணிக்கை வந்துவிட்டது என்று எழுதும் கட்டுரைகள் பெருகிவிட்டன. இந்தியாவிலும் இங்கேயும் மாணவர்களுக்கு எளிதாகக் கொடுக்கப்படும் தலைப்பு. இலைச் சாற்றில் பொலிபீனோல்கள் உண்டு. அவை இரும்பு அயனோடு சேர்ந்தாலே கறுப்புச் சிக்கல் சேர்வை உண்டாகும். கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை செய்தது அந்தக் கறுப்பில்தான். அதில் ஒட்சைட்டுப் பளிங்கு இருக்கவேண்டிய கட்டாயமே இல்லை. பக்கத்தில் காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். ஓடி வராவிட்டால் நீங்கள் செய்தது மை. வந்தாலும் கேள்வி முடியவில்லை. மாரியில் பறித்த இலையும் கோடையில் பறித்த இலையும் ஒன்றல்ல, ஊருக்கு ஊர் மண் வேறு. மறுபடி செய்யமுடியாத முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அவர்களுடைய உழைப்பை வீணாக்குவது. இலைகளில் எனக்கு வெறுப்பில்லை. பொலிபீனோலின் அளவை முதலில் அளந்துவிட்டுச் செய்தால் அது நல்ல ஆய்வு.

அளவிடல் என்று வரும்போதுதான் சிறிய ஆய்வுகூடத்தின் கை கட்டப்படுகிறது. எக்ஸ்-கதிர்க் கோணல் வரைபடத்தில் 35.5 பாகையருகே உயர்ந்த உச்சி வந்தால் மக்னடைட்டின் பளிங்கமைப்பு இருக்கிறது. உச்சியின் அகலத்திலிருந்து, 1918இல் ஷெரர் தந்த சமன்பாட்டால் பருமனைக் கணிக்கலாம். ஆனால் மகிமைட்டும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் உச்சி காட்டும். இரண்டையும் உறுதியாகப் பிரிக்க மொஸ்பவர் நிறமாலை போன்ற கருவி வேண்டும். ஆகவே "மக்னடைட் செய்தேன்" என்று எழுதும்போது எந்த ஆதாரத்தில் எழுதுகிறோம் என்பதைச் சேர்த்தே எழுதவேண்டும். பெரிய மக்னடைட் கட்டியின் நிரம்பல் காந்தமாக்கம் கிராமுக்கு 92 ஈ.எம்.யூ. நனோத் துணிக்கையில் அது குறைவாகவே வரும், மேற்பரப்பு அணுக்கள் ஒழுங்காக அணிவகுக்காததால். யாராவது 92ஐத் தாண்டியது என்று சொன்னால் நிறுவையைச் சந்தேகியுங்கள். பிள்ளைகள் இந்த அளவீடுகளுக்குப் பல்கலைக்கழகத்தைத்தான் நாடவேண்டும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது, வாவியைச் சுற்றினால் போய்விடலாம். 2008இல் உருவான நனோத் தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக் ஹோமாகமவில் இருக்கிறது, யூரியாவை மெல்ல விடும் நனோப் பசளை பற்றி 2017இல் உலகம் கவனித்த கட்டுரையை வெளியிட்டவர்கள். மாதிரியை அனுப்பமுடியும். அனுப்புமுன் நம் பக்கத்தில் செய்யக்கூடியதை எல்லாம் செய்து, குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கவேண்டும்.

கிழக்கின் இரும்பைப் பற்றியும் சொல்லவேண்டும். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட் மிகச் செறிவாகக் கிடக்கிறது. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு அது. 1957இல் நிறுவப்பட்ட அரச நிறுவனம் அதை அள்ளிக் காந்தத்தால் பிரித்து ஏற்றுமதி செய்துவருகிறது. காந்தத்தில் ஒட்டுவது இல்மனைட், ஒட்டாதவை ரூற்றைலும் சேர்க்கோனும். பிரித்த மணல் மணலாகவே கப்பலேறுவது எனக்கு எப்போதும் உறுத்தல். இல்மனைட்டைச் சல்பூரிக் அமிலத்தில் கரைத்துத் தைத்தேனியத்தைப் பிரித்தால் மிஞ்சுவது பெரசு சல்பேற்று, நம் செய்முறையின் இரண்டு உப்பில் ஒன்று. மாலபே ஸ்லிட் நிறுவனத்தின் சரித்தா தம்பிலியகொடகேயின் குழு புல்மோட்டை இல்மனைட்டிலிருந்தே இரும்பு ஒட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் சேர்ந்த ஒளி வினையூக்கிகளை உண்டாக்கிக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. ஆய்வுகூட அளவில் முடியும் என்பதற்கு அது சான்று.

தொழிற்சாலை அளவு என்றால் நான் தயங்குவேன். திருவனந்தபுரத்தில் 1946இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை இந்தச் சல்பேற்று முறையில்தான் இயங்கியது. அதன் அமிலக் கழிவுநீர் கடலோர மீனவரின் நீண்டகால முறைப்பாடு. நம் மாவட்டத்திலேயே வாகரை மக்கள் இல்மனைட் அகழ்வுக்கு எதிராகத் தெருவில் நின்றார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மணலையும் அள்ளி, கழிவையும் இங்கே விட்டு, அறிவை மட்டும் வெளியே வைத்திருக்கும் ஏற்பாட்டை யாரும் ஏற்கமுடியாது. கிராம் கணக்கில் வேலை செய்யும் நம் ஆய்வுகூடத்திலும் இதே ஒழுங்கு வேண்டும். கழுவிய அமோனியா நீரை வாவிப் பக்கம் போகும் கானில் ஊற்றக்கூடாது. ஐதான அமிலத்தால் நடுநிலையாக்கி, கழிவுப் போத்தலில் சேர்த்து, முறையாக ஒப்படைக்கவேண்டும்.

இனி அடுத்த தவணைக்கு வைத்திருக்கும் வேலை. இரும்பு நீர் வரும் குழாய்க் கிணறுகளில் காற்றூட்டி மணலில் வடிக்கும் தொட்டி இருந்தால் அதன் அடியில் செங்காவிச் சேறு சேரும். வழித்துத் தூர எறிவதுதான் வழக்கம். அது பெரிக்கு இரும்பு. அமிலத்தில் கரைத்தால் பெரிக்குக் கரைசல் வரும். அதில் ஒரு பகுதியைப் பெரசாக்கவேண்டும், அதற்குச் சுத்தமான இரும்புக் கம்பி நாரே போதும். ஒரு இரும்பு அணு இரண்டு பெரிக்கு அயனோடு சேர்ந்து மூன்று பெரசு அயனைத் தரும். அப்படியானால் 8 மூல் பெரிக்குக்கு 1 மூல் இரும்பு போட்டால் 6 மூல் பெரிக்கும் 3 மூல் பெரசும் நிற்கும், நமக்கு வேண்டிய விகிதம். உங்கள் கொப்பியில் ஒருதரம் போட்டுப் பாருங்கள்.

சிக்கலும் இருக்கிறது. கிணற்றுச் சேற்றில் பொசுபேற்றும் சிலிக்கேற்றும் கலந்திருக்கும். இரண்டும் வளரும் பளிங்கின் மேற்பரப்பில் ஒட்டி வளர்ச்சியைக் கெடுக்கும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் இரும்பின் அளவையும் ஊகித்துக்கொண்டு அமோனியாவை ஊற்றினால் வருவது என்ன என்று யாரும் சொல்லமுடியாது. ஆகவே முதல் வேலை, இரும்பின் அளவைக் காணும் நியமிப்பு. சேற்றை ஐதான சல்பூரிக் அமிலத்தில் கரைப்போம். ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் குளோரைட்டும் பர்மங்கனேற்றோடு தாக்கமடைந்து கணக்கைக் கெடுக்கும். கரைசலில் நாகத் துண்டுகளைப் போட்டு இரும்பு முழுவதையும் பெரசாக்கி, மிச்ச நாகத்தை வடித்துவிட்டு, பர்மங்கனேற்றால் நியமிப்போம். இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் இடம்வரை. விருப்பமுள்ள பிள்ளைகள் அவரவர் ஊர்த் தொட்டியிலிருந்து ஒரு போத்தல் சேறு கொண்டுவரட்டும், ஊரின் பெயரையும் எடுத்த திகதியையும் போத்தலில் எழுதி ஒட்டி.